10-க்கும் 20-க்கும் நடுவில்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். அவசரமாக இருப்பவர்கள் இரவு படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் நம் 1989 செட் பிள்ளைகள் ஒரு படம் போட்டிருந்தார்கள். பழுப்பேறிய ஒரு பெட்டி, கருப்பு விசைகள், மேல் வரிசையில் செக்கச் சிவந்த பத்து விசைகள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, பிபிசி மைக்ரோ. நம் பள்ளியில் இருந்தது இல்லை, எங்கோ அருங்காட்சியகத்தில் எடுத்த படம். ஆனாலும் அடியில் வரிசையாகக் கருத்துகள். "அது ஒரு பொற்காலம் சார்." "10 பிரிண்ட், 20 கோடூ 10, மறக்க முடியுமா சார்?" "வரி எண் போட்டு எழுதினோம் பாருங்க, அதுதான் உண்மையான புரோகிராமிங்."

நானும் ஒரு இதயம் போட்டேன். போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

விஷயம் தெரியாத உறவினர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1984-85-ல் நம் நாட்டில் 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் வந்தது. சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினி கொடுத்துத் தொடங்கி, பிறகு இன்னும் பல பள்ளிகளுக்கு விரித்தார்கள். கொடுத்தது இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ. நினைவகம் 32 கிலோபைட். இன்று உங்கள் பேரப்பிள்ளை அனுப்பும் ஒரு காலை வணக்கப் படத்துக்கு அது போதாது. நம் பள்ளிக்கு இரண்டு வந்தன. கணக்கு வாத்தியார் என்பதால் என்னை ஒரு பொறியியல் கல்லூரிக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது எனக்குக் கணினி என்றால் சினிமாவில் விளக்கு மின்னும் அலமாரிதான். வரும்போது பேசிக் மொழி தெரிந்திருந்தது. பேசிக் தெரிந்தவர் என்று ஊரே பேசியது. என் மாமியார் வீட்டில் எனக்கு மரியாதை கூடியதே அந்த வருடம்தான்.

பேசிக் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண் போட வேண்டும். 10, 20, 30 என்று பத்துப் பத்தாக. ஏன் 1, 2, 3 இல்லை? முதல் வகுப்பிலேயே இதைக் கேட்டவர்கள் உங்களில் உண்டு.

அது திரை இல்லாத காலத்தில் பிறந்த வழக்கம். 1964-ல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் மொழியை உண்டாக்கினார்கள். மாணவர் உட்கார்ந்தது டெலிடைப் இயந்திரத்தின் முன்னால். அது தந்தி ஆபீஸ் இயந்திரம் மாதிரி காகிதச் சுருளில் தடதடவென்று அடிக்கும். அடித்தது அடித்ததுதான், மேலே போய்த் திருத்த முடியாது. அதனால் எண். 30-ஆம் வரி தப்பா? மறுபடி 30 என்று போட்டுப் புதிதாக அடி, பழையது போய்விடும். வெறும் 30 என்று அடித்து ரிட்டர்ன் தட்டினால் அந்த வரியே இல்லாமல் போகும். நடுவில் ஒன்றை மறந்துவிட்டாயா? 25 என்று போட்டு அடி, எந்த நேரத்தில் அடித்தாலும் அது 20-க்கும் 30-க்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடைவெளிக்காகத்தான் பத்துப் பத்தாகத் தாண்டுவது.

எங்கள் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எங்கள் அம்மா ஒரு பட்டியல் எழுதினாள். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் கீழே இரண்டு மூன்று வரி சும்மா விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எவளையாவது மறந்திருப்பேன், பிறகு எழுத இடம் வேண்டாமா?" என்றாள். அம்மா மூன்றாம் வகுப்புப் படித்தவள். பேசிக் சொல்லிக்கொடுத்த அத்தனை வருடமும் முதல் வகுப்பில் நான் சொன்ன உதாரணம் இதுதான்.

இடைவெளியும் ஒரு நாள் தீர்ந்துபோகும். 20-க்கும் 30-க்கும் நடுவில் ஒன்பது வரி நுழைத்தாகிவிட்டது, பத்தாவதற்கு இடமில்லை. சர்வே எண் மாதிரி 24-ஏ, 24-பி என்று உட்பிரிவு செய்ய பேசிக்கில் வழி கிடையாது. அப்போது 'ரீநம்பர்' என்று ஒரு கட்டளை. எல்லா வரிக்கும் புதிதாக 10, 20, 30 என்று எண் போட்டுத் தந்துவிடும். அதோடு 'கோடூ 24' என்று எங்கெல்லாம் எழுதியிருந்தோமோ அதையும் தேடிப் பிடித்துப் புது எண்ணாக மாற்றிவிடும். நம் நகராட்சி வீட்டுக்கெல்லாம் புது எண் போட்டபோது இந்தப் புத்தி இல்லாமல் போயிற்று. இன்றுவரை 'பழைய எண் 14, புதிய எண் 37' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வரி எண்ணைப் பற்றி நீங்கள் உருகுவதில் பாதி நியாயம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதில் தப்புக்கு ஒரு விலாசம் இருந்தது. பிபிசி மைக்ரோவுக்குப் புரியாத எதையாவது அடித்தால் 'மிஸ்டேக் அட் லைன் 30' என்று சொல்லும். அவ்வளவுதான். முட்டாள் என்று சொல்லாது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லாது. முப்பதாம் வரியில் ஒரு தப்பு இருக்கிறது, போய்ப் பார். பிரம்பு வைத்திருந்த காலத்து வாத்தியாரான எனக்கு அது ஒரு பாடமாகவே இருந்தது. பிறகு விடைத்தாள் திருத்தும்போது மொத்தமாகப் பெருக்கல் குறி போடுவதை விட்டுவிட்டு, கணக்கு எந்த வரியில் வழுக்கியது என்று அந்த வரியை மட்டும் வட்டமிடத் தொடங்கினேன். உங்களில் யாராவது பழைய விடைத்தாள் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

பாதி நியாயம் என்றேனே, மீதிப் பாதி வரி எண்ணின் கெடுதல். எங்கிருந்தும் எங்கும் 'கோடூ' என்று தாவலாம் என்றால் பிள்ளைகள் தாவத்தான் செய்வார்கள். 40-லிருந்து 200-க்கு, அங்கிருந்து 90-க்கு, அங்கிருந்து 310-க்கு. இடியாப்பத்தில் ஒரு நூலைப் பிடித்து அது எங்கே முடிகிறது என்று தேடுவது போல ஆகிவிடும். எழுதியவனுக்கே ஒரு மாதம் கழித்துப் புரியாது. டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1968-லேயே 'கோடூ' கெடுதல் என்று எழுதிவிட்டார். பேசிக்கில் பழகிய மாணவனுக்கு நல்ல புரோகிராமிங் சொல்லித்தருவது அநேகமாக முடியாத காரியம், அவன் மூளை சிதைந்துபோயிருக்கும் என்று 1975-ல் இன்னும் காட்டமாகச் சொன்னார். அவர் சொன்னபடி நான் சிதைத்த மூளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் ஷார்ஜாவிலும் நியூ ஜெர்சியிலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர் பெரியவர், விட்டுவிடுவோம். ஆனால் வரி எண் போனது நல்லதுதான். அதை உண்டாக்கிய கெமனியும் கர்ட்ஸுமே எண்பதுகளில் 'ட்ரூ பேசிக்' என்று திருத்தி எழுதியபோது வரி எண்ணைக் கட்டாயம் இல்லாததாக்கிவிட்டார்கள். பெற்றவர்களே வேண்டாம் என்றதற்கு நாம் ஏன் அழ வேண்டும்?

என் தூக்கத்தைக் கெடுத்தது 'கோடூ' இல்லை. நீங்கள் சொன்ன 'பொற்காலம்' என்ற சொல்.

டார்ட்மத் கதையில் ஒரு விஷயம் உண்டு. பயிற்சியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பேசிக் என்ற பெயரின் முதல் எழுத்து 'பிகினர்' என்பதைக் குறிக்கிறது, அதாவது புதிதாகத் தொடங்குகிறவர். அந்தக் காலத்தில் கணினி என்பது கண்ணாடி அறைக்குள் இருக்கும். நீங்கள் அட்டையில் துளை போட்டு ஜன்னல் வழியாகக் கொடுக்க வேண்டும், மறுநாள் விடை வரும். கெமனியும் கர்ட்ஸும் அதை உடைக்க நினைத்தார்கள். அந்தக் கல்லூரியில் பெரும்பாலான மாணவர்கள் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்காதவர்கள். அவர்களும் தொட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எளிய மொழி. நூலகத்தில் யார் வேண்டுமானாலும் நுழைந்து அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதைப் போல மாணவர்கள் கணினிக்கு வர வேண்டும் என்பது கெமனியின் எண்ணம். 1964 மே 1-ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு முதல்முறை ஓடியபோதே இரண்டு டெலிடைப்பில் ஒரே நேரத்தில் ஓடியது. ஒருவன் ஒருவனாக இல்லாமல் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் பிறப்பு.

அந்த மொழியை நம் பள்ளியில் நான் என்ன செய்தேன்?

பூட்டி வைத்தேன். பள்ளியிலேயே ஏசி போட்ட ஒரே அறை. செருப்பை வெளியே விட வேண்டும். சாவி என் சட்டைப் பையில். மாதாந்தரத் தேர்வில் கணக்கில் முதல் இருபது பேருக்குத்தான் உள்ளே அனுமதி. மற்றவர்களுக்கு வகுப்பறையில் கரும்பலகையில் பேசிக். நோட்டில் எழுதச் சொல்வேன், வரி வரியாகக் கையாலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்வேன், சரியாக இருந்தால் சிவப்பு மையில் டிக் போடுவேன். "இயந்திரம் முக்கியமில்லை, சிந்தனைதான் முக்கியம்" என்று ஒரு வசனமும் வைத்திருந்தேன். கேட்க நன்றாக இருந்தது. இரண்டே இயந்திரம், கரண்ட் போகும், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் உண்மையில் இருந்தது. அந்தப் பயத்துக்கு வசனத்தைச் சட்டையாகப் போட்டு விட்டேன்.

அந்தப் படத்துக்குக் கீழே பொற்காலம் என்று எழுதியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவர் விடாமல் அத்தனை பேரும் அந்த இருபதில் இருந்தவர்கள். மற்ற பிள்ளைகள் யாரும் எதுவும் எழுதவில்லை. அவர்கள் எதை நினைத்து எழுதுவார்கள்?

சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் எனக்கு எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "சார், என்னைத் தெரியுதா? பத்தாப்பு பி செக்‌ஷன்" என்றார். எனக்குச் சட்டென்று தெரியவில்லை. இப்போது ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். பெயர் போடக் கூடாது என்று சொல்லித்தான் இதை எழுதச் சம்மதித்தார். "பீடிக் கணக்கு எழுதினேனே சார்" என்றதும் நினைவு வந்துவிட்டது.

அவர் அம்மா பீடி சுற்றுவார். மடியில் சொளவு வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரைக்கும். இந்தப் பிள்ளையும் பள்ளிவிட்டுப் போய் நூல் கட்டும். வாரக் கடைசியில் பீடிக் கடையில் கணக்குப் பார்ப்பார்கள். இத்தனை ஆயிரம் கொண்டுவந்தாய், அதில் இத்தனை கழிவு, இலை குறைவுக்கு இவ்வளவு பிடித்தம், இந்தா கூலி என்று வேகமாகச் சொல்வார்கள். சரியா தப்பா என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தப் பிள்ளை நோட்டில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தது. நான் கொடுத்த வீட்டுப்பாடம் 'இரண்டு எண்களின் சராசரி'. இது அதுவாகவே எழுதியது. "சார், ஒரு தடவை உள்ளே ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டது. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அது இன்னும் இரண்டு தடவை கேட்டது என்று கல்யாண வீட்டில் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஒரு தடவைதான் நினைவிருக்கிறது.

"அது ஓடியிருக்குமா சார்?" என்று கேட்டார். மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை.

அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார். மறுநாள் வாட்ஸ்அப்பில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பெயர்களை ஆங்கில எழுத்தில் தமிழாகவே வைத்திருந்தது பிள்ளை. இங்கே தமிழிலேயே தருகிறேன்:

10 இன்புட் பீடி
20 இன்புட் கழிவு
25 இன்புட் பிடித்தம்
30 லெட் நல்லது = பீடி - கழிவு
40 லெட் கூலி = நல்லது / 1000 * விலை
50 லெட் கையில் = கூலி - பிடித்தம்
60 பிரிண்ட் கையில்
70 கோடூ 10

அந்த 25-ஐப் பாருங்கள். பிடித்தம் என்று ஒன்று இருப்பதை முதலில் மறந்து, பிறகு அம்மா சொல்லி, நடுவில் நுழைத்திருக்கிறது. விட்ட இடைவெளி சரியாகப் பயன்பட்டிருக்கிறது. பக்கத்தின் அடியில் என் சிவப்பு டிக், தேதியோடு கையெழுத்து.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்தப் படத்துக்கு இதயம் போட்ட மறுநாள், பேரனைக் கூப்பிட்டேன். அவன் மடிக்கணினியில் ஒரு எமுலேட்டரைத் திறந்து கொடுத்தான். பழைய பிபிசி மைக்ரோ மாதிரியே நடந்துகொள்ளும், அதே 'பீப்' சத்தம்கூட. எட்டு வரியையும் நானே அடித்தேன். ரன் கொடுத்தேன். கேள்விக்குறி வந்தது, பீடி 5000 என்றேன். கழிவு 200. பிடித்தம் 3 ரூபாய். ரிட்டர்ன் தட்டினேன்.

'நோ சச் வேரியபிள் அட் லைன் 40.'

விலை! ஆயிரத்துக்கு என்ன விலை என்று எங்கேயும் சொல்லவே இல்லை. 40-ஆம் வரி விலையைத் தேடுகிறது, அப்படி ஒன்று இல்லை. நான் வரி வரியாகப் பார்த்து டிக் போட்ட புரோகிராம். அந்த அறைக்குள் பத்து நிமிடம் விட்டிருந்தால் இயந்திரம் ஒரே நொடியில் சொல்லியிருக்கும். பிள்ளை திருத்தியிருக்கும், ஓட்டியிருக்கும், அடுத்த வாரம் பீடிக் கடைக்கு ஒரு துண்டுக் காகிதத்தோடு போயிருக்கும். சிந்தனைதான் முக்கியம் என்று சொன்ன என் சிந்தனைக்கு அந்தத் தப்பு தெரியவில்லை.

இப்போது இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் 1989 செட் பிள்ளைகள் பணம் திரட்டிப் பள்ளிக்கு ஒரு கணினி அறை கட்டித்தரப் போகிறார்கள். மனசார வாழ்த்துகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதற்கான கூட்டம். அதில் பேசுவதற்காக எனக்கு அனுப்பிய தாளில் ஒரு வரி: 'நன்றாகப் படிக்கும் 20 மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சிறப்புப் பயிற்சி.' இருபது! எங்கிருந்து வந்தது அந்த எண் என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள் பிள்ளைகளே. பதிலுக்கு இதைப் போடுங்கள்: வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாப் பிள்ளைக்கும் வாரத்துக்கு ஒரு மணி நேரம், சாவி தலைமையாசிரியர் மேசையில் எல்லோரும் பார்க்கும்படி தொங்க வேண்டும், பள்ளிவிட்டு ஐந்தரை வரைக்கும் அறை திறந்திருக்க வேண்டும். விலை கூடிய இயந்திரம் பத்து வாங்குவதற்குப் பதில் சாதாரணமானது இருபத்தைந்து வாங்குங்கள். ஒன்றிரண்டு கெட்டுப்போகும். போகட்டும். இப்போதெல்லாம் கேட்டால் இயந்திரமே புரோகிராம் எழுதித் தந்துவிடுகிறதே, பிள்ளைகள் உட்கார்ந்து அடிக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பீடிக் கடையில் இலை குறைவுக்குப் பிடிப்பார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்து அடிக்கட்டும்.

ஞாயிறு ராத்திரியே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஓடல, 40-ல் நின்னுட்டு. விலையை விட்டுட்டோம். நானும் பார்க்காம டிக் போட்டுட்டேன், தப்பு என்னுது" என்றேன். சிரித்தார். "விலை அம்மாவுக்கு மனப்பாடம் சார், அதான் எழுதணும்னு தோணல."

"சரி, 35 லெட் விலை போட்டுடறேன். அப்போ என்ன விலைன்னு சொல்லும்மா" என்றேன்.

"லெட் போடாதீங்க சார். இன்புட் போடுங்க. கடைக்காரர் விலையை மாத்துவார்லா."

35 இன்புட் விலை என்று அடித்தேன். ரன் கொடுத்தேன். ஓடியது.